கரையிறங்கும் சில மணி நேரம்

 

 

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் காவிரிக்கரை மஹல்லாக்களில் பயணப் பேச்சும் வந்துவிடுகிறது. ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அங்குச் செல்லும் குடும்பங்களில் சில, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் ஏறிப் பினாங்குத் துறைமுகத்தையும் பார்த்து வருகின்றன. கப்பல் துறையில் நிற்பது சில மணி நேரமே. அந்த நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். அதற்குள் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலை என்னவாயிற்று என்று கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. பயணத்தோடு படிப்பினையும் சேர்த்தே அங்குச் சொல்லப்படுகிறது. கடைவீதியில் நுழைந்து, பைகளை நிரப்பிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவது ஆகுமான செயல்தான். ஆனால் அது மட்டுமே பயணமாகிவிடக் கூடாது.

முன்னோர் சென்ற கப்பல்

நம் பாட்டனார்கள் பினாங்கைக் கண்டது உல்லாசத்திற்காக அல்ல, பிழைப்பிற்காக. அக்காலத்தில் நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று ஏற வேண்டும். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது ஓடியது. அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் ஏற்பட்ட தீவிபத்தோடு அதன் பயணமும் முடிந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற அந்தச் சபராளிகளுக்குப் பினாங்குதான் முதற்கரை.

நடை தூரத்தில் ஒரு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குடும்பத்தோடு அடியேனும் அவ்வாறு அங்கே கரையிறங்கினேன். ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தவுடன் வாடகைக் காரோட்டிகள் அழைக்கிறார்கள். ஆனால் நாம் காண வேண்டியவை நடை தூரத்திலேயே இருக்கின்றன.

முதலில் கண்ணில் படுவது 60 அடி உயர மணிக்கூண்டு. 1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 60 ஆண்டுகள் நிறைவுற்றதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் எழுப்பப்பட்டது. அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவைக் கைக்கொண்டபோது தோன்றிய கோட்டை அது. அங்கிருந்து உள்ளே நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் மசாலா மணமும் நம்மை வரவேற்கின்றன. தோளில் கம்பைச் சுமந்து, அதன் இரு முனைகளிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்ற உணவே இன்று 'நாசி கண்டார்' என்று புகழ்பெற்றிருக்கிறது.

மேலும் நடந்தால் ஒரே வீதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் 1818ல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1808ல் அரபு வணிகர் ஒருவர் கட்டிய அச்சே தெருப் பள்ளிவாசல் ஆகியவற்றைக் காணலாம். சூலியா தெருவில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக நம்மவர்கள் எழுப்பிய தர்காவும் இருக்கிறது. அந்நியக் கரையில் இறங்கிய பல சமூகத்தார் அடுத்தடுத்து வாழ்ந்து, அவரவர் வழிபாட்டைக் காத்துக்கொண்டார்கள் என்பதற்கு அத்தெருக்களே சாட்சி. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பதினெட்டு ஏக்கர்

சகோதரர்களே! கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாறுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டியது. 1801ஆம் ஆண்டு அதற்காகக் கம்பெனி அரசு 18 ஏக்கர் நிலத்தை வழங்கியது. நம் தஞ்சைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் வேலி. அப்பள்ளியை உருவாக்கியவர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதிர் முஹ்யித்தீன் என்னும் மரக்காயர். அங்கிருந்த தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக நியமிக்கப்பட்டவர். இன்று அங்கே ஒளுச் செய்து தொழும் வழிப்போக்கர் எவரையும் அவர் கண்டதில்லை. ஆயினும் அத்தனை பேருக்கும் இடம் வைத்துச் சென்றார்.

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தபோது, அதை என்ன செய்யலாமென்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபு என்பதன் முன்மாதிரி அது. மூலம் காக்கப்பட்டால்தானே விளைச்சல் வரும்?

பினாங்கிலும் இதே சோதனை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பள்ளியைச் சுற்றிலும் வக்ஃபு நிலத்தில் வீடுகள் நெருங்கின, நிர்வாகம் சீர்குலைந்தது. இறுதியில் 1905ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தனிச் சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறச்சொத்துகளை ஒரு வாரியத்தின் பொறுப்பில் வைத்தது. பிறகே அப்பள்ளி விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு இன்றைய தோற்றத்தைப் பெற்றது. கொடுத்தவரின் கொடை பெரிதாயினும், பின்வந்தோர் கவனிக்காவிட்டால் அது கரைந்துவிடும்.

நம் தமிழகக் கரைக்கும் வந்துசென்ற பயணி இப்னு பதூதா, 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் மாலகா துறைமுக நகரைச் சுற்றிப் பார்த்தார். அதன் அத்திப்பழத்தையும் மண்பாண்டத்தையும் புகழ்ந்ததோடு, ஆரஞ்சு மரங்கள் நின்ற பெரிய பள்ளிவாசலின் முற்றத்தையும் வியந்தார். 1487ல் போரில் அந்நகரம் கைமாறிற்று. இன்று சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கி நடப்பவர் அப்பள்ளியின் இடத்தில் காண்பது தேவாலயத்தை. அவர்கள் இழந்தது போரில். நாம் போரில்லாமலே, கவனக்குறைவால் இழந்துகொண்டிருக்கிறோமே, அதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறோம்?

நம் வரப்பில் நடப்போம்

நம் பகுதியில் பள்ளிவாசலின் விளக்கிற்காகவும், இமாம், முஅத்தின் ஊதியத்திற்காகவும், நோன்புக் கஞ்சிக்காகவும் முன்னோர் நன்செய் நிலங்களை எழுதிவைத்தார்கள். அந்நிலம் எந்த வாய்க்காலில் பாய்கிறது, நான்கெல்லை எது, குத்தகை எப்போது நிர்ணயிக்கப்பட்டது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு வக்ஃபு விவரங்களை இணையப் பதிவேட்டில் ஏற்றுவதும் கடமையாகியிருக்கிறது. எல்லை அறியாதவர் எதைப் பதிவு செய்வார்?

ஆகவே ஒரு நாள் அஸர் தொழுதபின் முத்தவல்லியும் பெரியவர்களும் இளைஞர்களும் புல வரைபடத்தையும் பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கட்டும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லட்டும். உழுகின்ற குத்தகைதாரர் எந்தச் சமுதாயத்தவராயினும் அவரை விரட்டுவதற்காக இந்த நடையன்று. அவருக்கும் அநீதி கூடாது. அல்லாஹ்வின் பெயரால் விடப்பட்ட சொத்துக்கும் அநீதி கூடாது.

பயணத்தில் தொழுகை

கப்பல் பயணம் செல்வோர் கவனிக்க வேண்டிய சட்டங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை; கலந்துகொண்டால் லுஹருக்குப் பகரமாக நிறைவேறிவிடும். சலுகை இருக்கிறது என்பதற்காகத் தொழுகையையே விட்டுவிடச் சலுகை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்து, இவ்வுலகில் ஒரு வழிப்போக்கரைப் போல் இருக்குமாறு உபதேசித்தார்கள். வழிப்போக்கர் என்றால் எதையும் கட்டாமல் போகிறவர் என்று பொருள் கொள்ள வேண்டாம். தமக்கென்று சேர்க்காமல், பின்னால் வருகிறவருக்கு வைத்துச் செல்பவரும் வழிப்போக்கர்தாம். மரணத்திற்குப் பின்னும் தொடரும் நன்மைகளில் நிலையான தர்மத்தையும் நபியவர்கள் எண்ணிச் சொன்னார்கள் அல்லவா?

வல்ல ரஹ்மான், நம் முன்னோர்களின் கொடைகளை ஏற்றுக்கொள்வானாக! அவர்கள் விட்டுச்சென்ற அமானிதங்களை நேர்மையுடன் காத்து, நம் பிள்ளைகளின் கையில் குறைவின்றி ஒப்படைக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.