சொல்லிசையும் தொகை மரபும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டின் சிறந்த சொல்லிசைத் தொகுப்பைத் தெரிந்தெடுக்கும் குழுவின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு பணித்துள்ளீர்கள். ‘ராப்’ என்னும் கலைக்கு இளைஞர்கள் இட்டிருக்கும் அழகிய தமிழ்ப் பெயரே சொல்லிசை. அக்கலையைச் சூழ்ந்து வளர்ந்த பண்பாட்டினை ‘ஹிப்-ஹாப்’ என்பர். இத்தகைய குழு ஒன்று வேண்டும் என்று இளைஞர்கள் முதன்முதல் கேட்டபொழுது, “இரைச்சலுக்கும் ஒரு பரிசா?” என்று பெரியவர் ஒருவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை எங்களுக்கு உண்டு.

இக்கலை எங்கே பிறந்தது? நியூயார்க்கு மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தில் பிறந்தது என்று கூறுவர். அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் கூல் ஹெர்க் என்னும் இளைஞர். அவர் ஜமைக்காத் தீவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின்மேல் சொற்கள் ஏறி நின்றன. வந்தேறிய ஏழை மக்களின் முற்றத்தில் முளைத்த கலை இது. கிராமி விருதுக் குழுவினர் 1989இல்தான் ராப் கலைக்கென ஒரு பரிசினை ஏற்படுத்தினர். அப்பரிசளிப்பையும் தொலைக்காட்சியில் காட்டவில்லை. வென்ற கலைஞர்கள் விழாவுக்கே செல்லவில்லை. 2018இலோ, கெண்ட்ரிக் லமாரின் ‘டேம்’ என்னும் தொகுப்பு இசைக்கான புலிட்சர் பரிசினைப் பெற்றது. நம் பெரியவர் கேட்ட வினாவை அமெரிக்கப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்பதும், பின்னர் காது கொடுத்துக் கேட்டுத் தெளிந்தார்கள் என்பதும் இதனால் விளங்கும்.

தமிழர்க்கு இது முற்றிலும் அயலான கலையும் அன்று. மோனையும் எதுகையும் இயைபும் நம் செவிக்குப் பழகியவை. நின்ற நிலையில் பாடிய காளமேகத்தின் நாவன்மையைப் போற்றுகிறோம். எதிரெதிரே அமர்ந்து வினாவும் விடையுமாகப் பாடும் லாவணியை விடிய விடியக் கேட்ட ஊர்கள் நமக்குண்டு. இளைஞர்கள் ‘ஃப்ரீஸ்டைல்’ என்றும் ‘ராப் பேட்டில்’ என்றும் கூறுவன இவற்றின் உறவினர்களே. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டுக்குத் தாளம் போட்டவர்களும் இன்று பெரியவர்களாகிவிட்ட நாம்தாமே!

ஆல்பம் என்பதைத் தொகுப்பு என்கிறோம். தொகை என்பது நமக்கு மிகப் பழைய சொல். பூரிக்கோ என்பவர் தொகுத்திராவிடில் குறுந்தொகை இல்லை. நான்கடிக்குக் குறையாமலும் எட்டடிக்கு மிகாமலும் என்று எல்லை வகுத்துக்கொண்டு பாடல்களைத் தெரிந்தெடுத்தனர் நம் முன்னோர். தெரிந்தெடுத்தல் என்பது வெறும் விருப்பம் அன்று. எது நிலைக்க வேண்டும் என்று கூறும் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் நாங்கள் முதலாண்டிலேயே தவறினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. யூடியூபில் எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை மிகுந்ததற்கு முதலிடம் கொடுத்தோம். பாராட்டிதழில், அட்டைப்படத்தில் முகம் காட்டியவர் பெயரை மட்டும் பொறித்தோம். பாட்டினை எழுதியவர் வேறொருவர். விழா முடிந்தபின் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, “எழுதியவர் பெயர் எங்கே, ஐயா?” என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை.

பெயர் சிறிய செய்தியா? குறுந்தொகையிலேயே புலவர் பலரின் இயற்பெயர் காலத்தில் மறைந்தது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவரவர் பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கித் தொகுத்தோர் காப்பாற்றினர். பெயர் தெரியாத இடத்திலும் ஆளை மறக்கவில்லை அவர்கள். நாங்களோ, பெயர் தெரிந்திருந்தும் விட்டுவிட்டோம்.

இக்குறை நம்மோடு நிற்பதும் அன்று. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டினை உலகமே கேட்டது. அதனை எழுதித் தீயுடன் பாடியவர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் ஊடாடுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் காட்டியது, அறிவைக் காட்டவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அறிவுக்கெனத் தனி மின்னட்டை வெளிவந்தது. நிலமிழந்தோரைப் பாடிய பாட்டுக்கே இந்நிலை நேர்ந்தது என்றால், தெரிந்தெடுப்போர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

அதன்பின் எங்களுக்கு நாங்களே நெறி வகுத்துக்கொண்டோம். தொகுப்பு முழுவதையும் மும்முறை கேட்டல் வேண்டும்: ஒருமுறை செவியால் மட்டும், ஒருமுறை சொற்களை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை வீட்டாருடன் அமர்ந்து. பார்த்தோர் எண்ணிக்கையைக் கருதலாகாது. பாட்டுகள் தனித்தனியே நன்றாயிருந்தால் போதாது. ஒரு தொகையாக நிற்கின்றனவா என்று காணல் வேண்டும். எழுதியவர், தாளம் அமைத்தவர், பாடியவர் ஆகிய மூவர் பெயரும் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.

இந்நெறியைக் கடந்த ஆண்டுகளின்மேல் வைத்துப் பழகினோம். 2006இல் மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராக் குழுவினரும் தந்த ‘வல்லவன்’ தொகுப்பினை அவ்வாண்டுக்குரியதாக ஒருமனதாக ஏற்றோம். 1980இல் இளையராசா அமைத்த ‘மடை திறந்து’ பாட்டினைப் புதுத்தாளத்தில் ஏற்றியவர்கள் அவர்களே. தமிழ்ச் சொல்லிசைக்குக் கடல் கடந்த தமிழர் வழிகாட்டினர் என்பது, ஊர் விட்டு வந்து வாழும் நமக்குப் பெருமையன்றோ? 2012இல் ஆதியும் ஜீவாவும் தந்த ‘ஹிப் ஹாப் தமிழன்’ தமிழகத்து இளைஞரை இக்கலைக்கு அழைத்து வந்தது. ஆயினும் அவர்களைப் புகழ்பெறச் செய்த ‘க்ளப்புல மப்புல’ பாட்டு பெண்களை மட்டும் குறை கூறுவது ஏன் என்று எங்கள் குழுவின் பெண்கள் கேட்டனர். வாதம் இரு ஞாயிறு நீடித்தது. இடம் கொடுத்தோம், கேள்வியையும் ஏட்டில் எழுதி வைத்தோம். 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் தந்த ‘தெருக்குறள்’ தொகுப்புக்குப் பெரியவர்களே முதலில் கை தூக்கினர். பெயரிலேயே குறளைத் தெருவுக்கு அழைத்து வந்த தொகுப்பு அது. 2024இல் அறிவு தம் பாட்டியின் பெயரைச் சூட்டி ‘வள்ளியம்மா பேராண்டி’யை வெளியிட்டார். தாம் யார் பேரன் என்று தாமே எழுதிவிட்டார். இனி யாரும் அப்பெயரை விட்டுவிட முடியாது.

நம் பெங்களூருவும் இக்கலையில் பின்தங்கியதன்று. புரோதா வி, ஆல் ஓகே ஆகியோர் இந்நகரத்தவர். இங்கு வாழும் ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’ 2024இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையிலேயே ஏறியது. பதினெட்டாண்டுக் காலம் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பெற்றதையும், சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை நிறுவப்பெற்றதையும் நீங்கள் அறிவீர்கள். ஈரடியும் மூவடியும் அவ்வாறு கைகோத்தன. அவ்வழியில் அடுத்த ஆண்டு முதல் கன்னடச் சொல்லிசைத் தொகுப்பு ஒன்றனையும் தெரிந்தெடுத்து, அண்டை வீட்டு நண்பர்களை இம்மேடைக்கு அழைத்தல் வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான். எழுதப் படிக்க அறியான். சொற்களை எழுதி வருக என்றதும், ஒரு தொகுப்பு முழுவதையும் கன்னட எழுத்தில் எழுதி வந்தான். ழகரம் வந்த இடமெல்லாம் வட்டமிட்டிருந்தான். “இந்த ஒலிக்கு அங்கே எழுத்து இல்லை, ஐயா” என்றான். அன்று இரைச்சல் என்றுரைத்த அதே பெரியவர் அவனைத் தம் பக்கத்தில் அமர்த்தி, அவ்வோர் எழுத்தை எழுதிக் காட்டினார். இப்பொழுது ஞாயிறுதோறும் இருவரும் அரைமணி முன்னதாகவே வந்துவிடுகின்றனர். பாதி எழுத்துகள் வந்துவிட்டன, மீதியும் வரும்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் செவியில் இருக்கும் அந்தச் சிறு கருவியில் தமிழ் ஒலித்துக்கொண்டிருக்கலாம். வாரத்தில் ஒரு மணி அவர்களோடு அமர்ந்து கேளுங்கள். பிடிக்கவில்லையெனில் ஏன் என்று கூறுங்கள். அவர்களுக்குப் பிடித்தது ஏன் என்று கேளுங்கள். நல்லதைத் தெரிந்தெடுக்கும் திறன் அவ்வுரையாடலில் பிறக்கும். மொழியும் அங்கேதான் நிற்கும். இவ்வாண்டின் தொகுப்பு எது என்பதை இப்பொழுது இளைஞர்களே அறிவிப்பார்கள். எழுதியவர் பெயரை முதலில் படிப்பார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!