எரிந்த ஊரின் மணியோசை

(திரையிடலுக்குப் பின் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

சற்று முன் நாம் கண்ட படத்தின் இறுதியில் ஒரு செய்தி எழுத்தில் தோன்றியது: பெலாரஸ் நாட்டின் 628 கிராமங்கள் அவற்றின் மக்கள் அனைவருடனும் எரிக்கப்பட்டன. எலெம் கிளிமோவ் இயக்கிய 'வந்து பார்', பாசிசத்தை வென்றதன் நாற்பதாம் ஆண்டான 1985இல் வெளிவந்தது. தலைப்பு விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவ்விரு சொற்களை நான் ஒரு கட்டளையாகவே படிக்கிறேன்: கண்களை விலக்கிக்கொள்ளாதே.

கிளிமோவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய அலெஸ் அதமோவிச், பதின்ம வயதிலேயே கொரில்லாப் படையில் இருந்தவர். பின்னாளில் வேறு இரு எழுத்தாளர்களோடு ஊர் ஊராகச் சென்று, எரிந்த கிராமங்களில் உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். படத்தில் வரும் கிராமம் கற்பனை. மக்களை ஒரே கட்டடத்துள் அடைத்துத் தீயிட்ட முறை கற்பனையன்று.

மின்ஸ்க் நகருக்கு வடக்கே ஹாத்தின் என்றொரு சிற்றூர் இருந்தது. 1943 மார்ச் 22 அன்று, அருகிலிருந்த சாலையில் கொரில்லா வீரர்கள் தாக்கியதில் ஜெர்மானிய அதிகாரி ஹான்ஸ் வோல்கே கொல்லப்பட்டார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டெறிதலில் தங்கம் வென்றவர் அவர். அன்றே ஊர் சூழப்பட்டது. மக்கள் தானியக் கொட்டகைக்குள் அடைக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. வெளியே ஓடியோர் சுடப்பட்டனர். மாண்டோர் 149 பேர். அவர்களில் 75 பேர் குழந்தைகள்.

1969இல் அங்கே நினைவகம் திறக்கப்பட்டது. எரிந்த 26 வீடுகளின் இடத்திலும் புகைபோக்கி வடிவில் ஒவ்வொரு தூண். அதில் அவ்வீட்டாரின் பெயர்கள். உச்சியில் ஒரு மணி. அரை நிமிடத்திற்கு ஒருமுறை மணிகள் ஒலிக்கின்றன. இறந்த சிறுவனைக் கைகளில் ஏந்தி நிற்கும் மனிதரின் வெண்கலச் சிலை ஒன்றும் உண்டு. ஊர்க் கொல்லரான யூசிப் காமின்ஸ்கி, தம் மகனைப் பிணங்களிடையே கண்டெடுத்தார். மகன் அவர் கைகளிலேயே உயிர்விட்டான். மீண்டும் எழாத மற்ற 185 கிராமங்களின் மண்ணும் இங்கே வைக்கப்பட்டுள்ளது. மூன்று பிர்ச் மரங்கள் நிற்கின்றன. நான்காவது மரத்திற்குரிய இடத்தில் அணையா நெருப்பு எரிகிறது. பெலாரஸ் மக்களில் நால்வருள் ஒருவர் போரில் மாண்டார் என்பது அதன் பொருள்.

தோழர்களே, நமக்குச் சங்கடம் தரும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஹாத்தினை எரித்தவர்கள் ஜெர்மானியர் மட்டுமல்லர். அங்கு வந்த 118ஆம் துணைக்காவல் படைப்பிரிவில் பெரும்பாலோர் ஆக்கிரமிக்கப்பட்ட சோவியத் மண்ணில் திரட்டப்பட்டவர்கள். அதன் பொறுப்பாளர்களுள் ஒருவனான வசியூரா முன்பு செம்படையில் அதிகாரியாக இருந்தவன். 1986இல் மின்ஸ்கில் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அச்செய்தி அப்போது மக்களிடையே பரவலாகக் கொண்டுசெல்லப்படவில்லை. அம்மௌனத்தை நாமும் தொடரலாகாது. அந்நியப் படை மட்டுமே பாசிசமாகாது. நேற்று வரை நம்மருகே நின்றவனின் கையிலும் தீப்பந்தம் கொடுக்க அது வல்லது. அதை மறைத்தால், அடுத்த முறை அதை அடையாளம் காண நாம் தவறுவோம்.

படத்தின் முடிவில் சிறுவன் பிளோரியா ஹிட்லரின் படத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். காலம் பின்னோக்கி ஓடுகிறது. தாயின் மடியில் ஹிட்லர் குழந்தையாகத் தோன்றும்போது அவனால் சுட முடியவில்லை. கொட்டகைக்குத் தீயிட்டவர்களுக்கும் அவனுக்கும் இடையிலான எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. பிறகு அவன் தன் படையோடு சேர்ந்து நடக்கிறான், போராட்டம் நிற்கவில்லை.

உங்கள் கிளைகளில் இப்படத்தைத் திரையிடுங்கள். முடிந்தவுடன் கலைந்து விடாமல், ஹாத்தினின் வரலாற்றையும் எடுத்துரையுங்கள். எரிந்தவர் யாரென்று சொல்லும்போது, எரித்தவர் யாரென்பதையும் முழுமையாகச் சொல்லுங்கள்.