வங்கியின் கணினிப் பணிக்கு நம் பிள்ளைகள்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கழகம் தோன்றிய நாளில் நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிப்பார்களா என்பதே நம் கவலையாய் இருந்தது. இன்று அவர்கள் பொறியியற் கல்லூரிகளிலே பயில்கின்றனர். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் கிடைத்தது. ஆனால் கல்லூரி வாயிலைக் கடந்தவன் வேலையின் வாயிலையும் கடக்க வேண்டுமன்றோ? அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது, ஐ.டி.ஐ. சான்றிதழும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் நம் தந்தையரின் திறவுகோல்களாய் இருந்தன. 2024-இல் பட்டாபிராமில் 21 மாடிகளோடு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களுக்குள் செல்லும் வழி பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலேயே தொடங்குகின்றது. அவ்வழிகளுள் ஒன்றுதான் வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்க்கு அளிக்கும் பயிற்சிப் பணி, அதாவது இண்டர்ன்ஷிப். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி 2001-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிற்று. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. நன்கு பணியாற்றுவோர்க்குப் படிப்பு முடியுமுன்பே நிலையான வேலைக்கு அழைப்பு வருவதும் உண்டு.

இத்தேர்வின் படிகளை இளைஞர்கள் தெளிவாக அறிதல் வேண்டும். முதற்படி தகுதி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டுமென்றும், நிலுவைத் தாள் இருத்தல் கூடாதென்றும் பல நிறுவனங்கள் விதிக்கின்றன. ஆகவே இத்தேர்வு கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் தொடங்குவதன்று; பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றது. இரண்டாம் படி கணினி வழித் தேர்வு; கணக்கு, தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றோடு நிரல் எழுதும் வினாக்களும் வரும். மூன்றாம் படி தொழில்நுட்ப நேர்காணல். நான்காம் படி மனிதவளத் துறையினரின் நேர்காணல்.

தொழில்நுட்ப நேர்காணலில் பொருள் அறிந்தோனே வெல்வான். ஒரு சான்று கூறுவோம். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில் அம்பத்தூரிலிருந்து ஒருவர் பூந்தமல்லியிலுள்ள தம் தங்கைக்கு 500 ரூபாய் அனுப்புகிறார். இவர் கணக்கில் பணம் குறைந்து, அவர் கணக்கில் ஏறுமுன் இணைப்பு அறுந்துவிட்டால் என் செய்வது? குறைத்தலும் ஏற்றுதலும் இரண்டும் நிகழ வேண்டும். இயலாதெனின் குறைத்த தொகை திரும்ப வந்து சேர வேண்டும். பணம் நடுவழியில் மறையலாகாது. வங்கிக் கணினிப் பணியின் அடிப்படை அறம் இதுவே. இதனைத் தன் சொற்களால் விளக்க வல்ல மாணவன், ஆங்கிலம் சற்றுத் தடுமாறினும், மதிக்கப்படுவான்.

இனி, நம்மவர் பலர் இடறும் இடத்திற்கு வருவோம். இறுதி நேர்காணலில், "உங்கள் குடும்பப் பின்னணி யாது?" என்றொரு வினா எழும். இது வெறும் உபசார வினாவா? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலர்களைச் சந்தித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திறமையையே பார்க்கிறோம் என்று கூறியோரும் குடும்பப் பின்னணிக்குப் பெருமதிப்பு அளித்ததை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்கள், வேறு வேறு சாதிப் பெயர்களில் அனுப்பப்பட்டன. தலித் பெயர் தாங்கியவை அழைப்புப் பெறும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் தாங்கியவற்றை விடக் குறைவாய் இருந்தது. நம் மாநிலத்தில் பெயருக்குப் பின் சாதி எழுதும் வழக்கம் பெரிதும் மறைந்தது மெய்யே. ஆயினும் ஊர், தெரு, தந்தையின் தொழில் என்று சாதியைத் தேடும் வழிகள் மறையவில்லை.

இளைஞர்களே! இவ்வினாவிற்குத் தலை குனியாதீர்கள், பொய்யும் புனையாதீர்கள். "என் தந்தை கட்டட வேலை செய்கிறார், எங்கள் வீட்டில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான், நான் எழுதிய நிரல் இது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பேச்சை உங்கள் பணியின்பால் திருப்புங்கள். வெளிப்படையாகவே சாதியைக் கேட்பாராயின், அது பணிக்குத் தொடர்பற்றது எனப் பணிவோடு கூறிக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு வாயில் மூடினால் மறு வாயில் உண்டு. தனியார் வங்கிகளின் வேலைக்குச் சட்டப்படியான இடஒதுக்கீடு இல்லை. பொதுத்துறை வங்கிகளில் உண்டு. அவை எழுத்துத் தேர்வின் வழியே கணினி அலுவலர்களை எடுக்கின்றன. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ்ப் பட்டதாரிகளைப் பயிற்சிக்கும் சேர்க்கின்றன. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், தாட்கோவின் பயிற்சிகளும் நமக்காகவே உள்ளன. இரண்டிற்கும் ஒருங்கே ஆயத்தமாதல் அறிவுடைமை.

கழக உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசும் பாராட்டும் வழங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. கழக அறையில் மாலை வேளையில் நான்கு கணினிகள் இயங்கட்டும். பணியிலுள்ள நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் வந்து மாதிரி நேர்காணல் நடத்தட்டும். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்கு மாமனும் சித்தப்பனும் உணவு வேளையிலேயே சொல்லித்தரும் செய்திகளை, நம் பிள்ளைக்குக் கழகமே சொல்லித்தர வேண்டும். இந்த ஒன்றுதான் இன்று நம்மிடம் உள்ள பெருங்குறை. பெரும்பொருட் செலவின்றித் தீர்க்கத்தக்க குறையும் இதுவே.

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நாணயத்தின் நுட்பங்களை உலகிற்கு விளக்கியவரின் வழிவந்தோர்க்கு வங்கியின் வாயில் அந்நியமானதன்று. உரிமையோடு செல்வோம், ஆயத்தத்தோடு செல்வோம்.

கழகம் வாழ்க! அதன் பணி வளர்க!