லொறியில் இசை

நெடுவழி செல்லும் சாரதிக்கு இசை உற்ற துணை. லொறியோடு வந்த வானொலிப் பெட்டியின் ஒலி இயந்திர இரைச்சலில் அமிழ்ந்துவிடவே, அவன் அம்பிளிபயரும் சப்வூபரும் வாங்கிப் பொருத்துகின்றான். ஆசை நியாயமானதே.

ஆனால், பெரிய லொறிகள் பலவற்றில் 12 வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ற்று அளிக்கின்றன. கடையில் வாங்கும் அம்பிளிபயரோ பெரும்பாலும் 12 வோல்ற்றுக்கு உரியது. அவசரக்காரர் ஒரு பற்றறியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுவர். அன்று பாட்டு நன்றாகவே கேட்கும். நாளடைவில் அப்பற்றறி மின்னேற்றம் போதாமல் நலியும். மற்றையது மின்னேற்றம் மிஞ்சி நீர் வற்றும். பின்னர் ஓரிரவு, ஆளரவமற்ற இடத்தில், சரக்கோடு நின்ற லொறி கிளம்ப மறுக்கும். 24 வோல்ற்றை 12 ஆக்கும் தக்க மாற்றி ஒன்று இடையில் இருந்தால் இத்தொல்லை இல்லை.

உருகியைப் பலர் அம்பிளிபயரின் அருகே வைக்கின்றனர். அது பற்றறியின் அருகிலேயே இருத்தல் வேண்டும். இடைவழியில் கம்பி உரசித் தோலுரிந்து இரும்பைத் தொட்டால், அம்பிளிபயரின் அருகிலுள்ள உருகி தீயைத் தடுக்காது.