மடிப்பு நேராக விழ

விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத்தரப் போகிறீர்களா? பூவும் ஜிகினாவும் அப்புறம் இருக்கட்டும். முதலில் மடிப்பைக் கவனியுங்கள்.

ஆலையில் காகிதம் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்துச் சொரசொரக்கும். தாளை இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ, அந்த வாக்கிலேயே மடியுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே செய்யட்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடிட்டு மடித்தால் இன்னும் நேர்த்தி.

ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டரில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். உறையை முதலிலேயே வாங்கிவிடுங்கள்; உறைக்குள் நுழையாத அட்டை எத்தனை அழகாக இருந்து என்ன பயன்?

ஒரு வகுப்புக்கு ஒரே வடிவம் போதும் என்பேன். மாதிரி ஒன்றை முன்னதாகச் செய்து பார்த்து, உங்களுக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். உள்ளே நாலு வரி எழுதவும் நேரம் விடுங்கள். அதைப் பிள்ளைகளே சொந்தமாக எழுதட்டும்.