வைப்பாற்றங்கரையின் சங்கறுப்போர்



வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023இல் இரண்டாம் கட்டம், 2024 ஜூனில் மூன்றாம் கட்டம். வைப்பாற்றின் வடகரையில் உள்ள அந்த மேட்டிலிருந்து பொன்னணி வந்தது, யானைத்தந்தப் பகடை வந்தது, திமிலுள்ள காளை செதுக்கிய சூதுபவளம் வந்தது. கீழ் அடுக்குகளில் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. செய்தித்தாள்களில் படம் பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது, கண்காட்சியில் பலரும் நிற்காமல் கடந்துபோகும் ஒரு பொருளைப் பற்றி: பாதியில் நின்ற சங்கு வளையல்களும் அறுபட்ட சங்குத் துண்டுகளும்.

முழு வளையல் ஒன்று கிடைத்தால், அதை ஒரு பெண் அணிந்தாள் என்று சொல்லலாம். அது எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது. கழிவுதான் சொல்லும். சங்கின் நடுச்சுற்றில்தான் வளையம் கிடைக்கும். நுனியும் உள்தண்டும் தொழிலிடத்திலேயே விழுந்துவிடும். அவற்றைச் சுமந்துகொண்டு யாரும் ஊர் விட்டு ஊர் போவதில்லை. கடல் இல்லாத இந்தக் கரிசல் பூமிக்கு மன்னார் வளைகுடாச் சங்கு வந்திருக்கிறது என்றால், சங்கு குளிப்பவர், சுமப்பவர், அறுப்பவர், விற்பவர் என்று ஒரு சங்கிலி இருந்திருக்கிறது. 1914இல் சங்கைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையில் கிடைத்த அறுபட்ட துண்டுகளைக் கொண்டே அங்கு பழைய சங்கறுப்புத் தொழில் நடந்ததை எடுத்துச் சொன்னார். அதே சான்று இன்று நம் விருதுநகர் மாவட்டத்தில் கிடைத்திருக்கிறது.

பட்டாசுக்குக் குழாய் உருட்டி, சரம் பின்னி வாழும் ஊர்கள் நம்முடையவை. வெடித்து முடிந்ததும் உருட்டிய கையின் தடம் எங்கும் மிஞ்சாது. சங்கு அறுத்தவரின் தடமோ இன்னும் இருக்கிறது. அறுத்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். வாள் போய்வந்த கோடுகள் தெரியும், பாதியில் திருப்பி வைத்து மறுபுறம் அறுத்த இடமும் தெரியும். பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் பழக்கத்தை இவ்வளவு அருகில் காட்டும் சான்று பொன்னில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவேதான் பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுகிறேன். முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும். சங்கு சுண்ணாம்புப் பொருள். அமிலம் பட்டால் கரையும். ஈர மண்ணிலிருந்து எடுத்ததை நம் ஊர் வெயிலில் காயப்போட்டால், உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து படிகமாகி ஏடு ஏடாக உரிக்கும். நிழலில் மெல்ல உலர வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. செப்புத் திருமேனிகளின் களிம்பை நீக்கும் கலையை அங்கே வளர்த்தார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கு சங்குத் துண்டுக்கும் வேண்டும்.

இன்னொரு பகை அலமாரிக்குள்ளேயே இருக்கிறது. மரத்திலிருந்தும் மட்டமான அட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி, சங்கின்மேல் வெள்ளைப் பூப்பை உண்டாக்கி அரித்துவிடும். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்ற ஆங்கிலேயர் நுண்ணுயிர்தான் காரணம் என்று நினைத்தார். காரணம் வேதியியல் என்பது பிறகு தெளிவாயிற்று.

இதைச் சிவகாசிக்காரர்களான உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சும் அட்டைப்பெட்டியும் உங்கள் கைத்தொழில். அமிலமற்ற அட்டையில் பெட்டி மடிக்க இந்த ஊரை விடத் தகுந்த ஊர் எது? இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையும் இங்குள்ள அச்சகத்தாரும் சேர்ந்து, வெம்பக்கோட்டைச் சங்குகளுக்கான பெட்டிகளைச் செய்து தொல்லியல் துறையிடம் கொடுக்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வளையலுக்கு மட்டும் போதாது. கழிவுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும், அது கிடைத்த குழியும் மண்ணடுக்கும் ஆழமும் பெட்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.