வீட்டுக்காரன் முகாமில், படைக்காரன் வீட்டில்

வேலை முடித்த கையோடு மும்பை லேபர் கேம்பிலிருந்தும் தொண்ணூறடி ரோட்டிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே!

குடிசைக்குப் பதில் வீடு கேட்டு, பத்துக்குப் பத்து ரூமுக்கு, 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தாளைத் தேடிப் பெட்டியைக் குடைந்தவர்கள் நீங்கள். தாள் இல்லாதவன் படும் பாடு உங்களுக்குத் தெரியும். தாள் இருந்தும் வீடு இழந்தவன் வழக்கைப் பேச வந்திருக்கிறேன்.

இலங்கையில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு. மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை. 1990 ஜூனில் குண்டுக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடிய சனம். 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று வந்தால் முள்கம்பி! உள்ளே ராணுவம். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரை அரசே எடுத்துக்கொள்ளப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். உரிமை கோருவோரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் அகதி முகாமில், சில மைல் தூரத்தில், காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலக்காரன் உட்கார்ந்திருந்தானே ஐயா! 2,000-க்கும் மேற்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்களே, அவர்கள் யார், ஆவிகளா? அவர்கள் தோட்டத்தில் படை காய்கறி பயிரிட்டு விற்றது. காங்கேசன்துறைக் கடற்கரையில் 'தல்செவன' என்று ராணுவமே ஓட்டல் நடத்தியது. உல்லாசப் பயணிக்கு அறை உண்டு. மண்ணுக்குரியவனுக்கு வாசலில்கூட இடமில்லை. இதற்குப் பெயர் உயர் பாதுகாப்பு வலயம்!

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும். பாசறை கட்டிக்கொள். குடிமக்கள் வீட்டில் சிப்பாயைத் திணிக்காதே என்று 1628-லேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னனிடம் மனு எழுதி ஒப்புதல் வாங்கியது. அவ்வளவு தூரம் ஏன்? நம் உல்லாஸ்நகர் என்ன? உலகப் போர்க்காலக் கல்யாண் ராணுவ முகாம். போர் முடிந்தது, பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திக்காரர்களை அந்த பாரக்குகளில் குடிவைத்தார்கள். இங்கே அகதிக்குப் படைவீடு கிடைத்தது. அங்கே படை அகதியின் வீட்டை எடுத்துக்கொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விடுவித்தார்கள், மறுக்கவில்லை. சும்மாவா விட்டார்கள்? முல்லைத்தீவில் கேப்பாப்பிலவை ஒட்டிய பிலக்குடியிருப்பில், 2017-ல் பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு விமானப்படை முகாமுக்கு எதிரே ஒரு மாதம் தெருவில் கிடந்தார்கள். மார்ச் 1-ம் தேதி நிலம் திரும்பியது. மயிலிட்டித் துறைமுகம் அதே ஆண்டு ஜூலையில், 27 வருடம் கழித்து! இன்னும் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை.

டெல்லி அந்தத் தீவில் 50,000 வீடு கட்டித் தருவதாக 2010-ல் அறிவித்துப் பணம் கொடுத்தது. நல்லது. கட்டிய வீட்டுக்குக் காசு கொடுத்தவனுக்கு, பறித்த வீட்டைப் பற்றிக் கேட்க உரிமை இல்லையா? தென் மத்திய மும்பையில் தமிழில் போஸ்டர் அடித்து ஓட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வருகிறார்களே, அவர்களை நிறுத்திக் கேளுங்கள்: சனத்தின் வீட்டையும் தோட்டத்தையும் படை முழுவதுமாகக் காலி செய்ய வேண்டும் என்று பார்லிமென்டில் எழுந்து பேசுவாயா, மாட்டாயா? பதில் சொல்லாதவனுக்கு ஓட்டுப் போடாதீர்கள்.